நிரை பிடித்து எழுதிய கதை

ஒரு கதையை நான்கு பிள்ளைகள் சேர்ந்து எழுத முடியும் என்று ஹட்டனில் நடந்த சனிக்கிழமை ஆசிரியர் வகுப்பில் சொன்னபோது நான் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் சொன்னதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எனக்கு அது பழக்கம். நாலு பேரை முகம் பார்த்து உட்கார வைக்க வேண்டுமாம். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் வாசிக்க வேண்டுமாம். நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்தால் காதைத் திருகுவார்கள். அது களவு என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக்கூடச் செய்திருக்கிறேன். அதையே இப்போது பாடம் என்கிறார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்றே பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் படிப்பித்த தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையை அரசாங்கம் பொறுப்பெடுத்து அதிக காலம் ஆகவில்லை. ஒரே மண்டபம், ஐந்து வகுப்புகள். இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு கரும்பலகையை நிறுத்தி வைத்தால் அதுதான் சுவர். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் எல்லோருமே பேசுவதை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். நாங்கள் இருந்தது உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ். என்னிடம் படித்த பிள்ளைகள், தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வரிசையாக இருக்கும் லயங்களில் இருந்து வந்தவர்கள். என் மூத்த மகளும் அந்த நான்காம் வகுப்பில்தான் இருந்தாள். பாடசாலையில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். சில நாட்களில் வீட்டுக்கு வந்தும் டீச்சர் என்றே கூப்பிடுவாள். அது மறதியா, குத்தலா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

முதல் கிழமை முழுவதும் கதை வரவில்லை. பென்சிலுக்குச் சண்டைதான் வந்தது. பெரிய வாத்தியார் தன் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாலு பேரு சேந்தா கதை வராது டீச்சர். சத்தந்தான் வரும்."

"ஹட்டன்ல அப்படித்தான் செய்யச் சொன்னாங்க, சேர்."

"அப்ப செய்யுங்க. சத்தம் வந்தாப் பரவால்ல. சத்தம் இல்லாட்டிதான் என்னமோ நடக்குதுன்னு அர்த்தம்."

அடுத்த கிழமை ஜன்னலோரத்துக் குழுவில் சத்தம் இல்லை. அந்தக் குழுவில் நான்கு பேர்: என் மகள், அவளுக்குப் பக்கத்தில் கடைசி லயத்திலிருந்து வரும் ஒரு மெலிந்த சிறுமி, எதிரே இரண்டு பையன்கள். அந்தச் சிறுமி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை. நான் சத்தம் காட்டாமல் பின்னால் போய் நின்றேன்.

ஹட்டனில் சொன்ன நாலு வேலைகளில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை. தாளை மலை மாதிரிப் பிரித்திருந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்து, செடி வரிசைக்கு நடுவே ஏறிப் போவார்கள். அதேபோல் ஆளுக்குச் சில வரி. தன் வரியை முடித்தவர் பிந்தியவரின் வரியில் கை கொடுத்தார். எழுதி முடிந்ததும் தாளை நடுவில் வைத்து, மடுவக் கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும் முன்பு பெண்கள் முத்தல் இலையைப் பொறுக்கி எறிவது போல, வேண்டாத சொற்களைத் தேடிப் பிடித்து வெட்டினார்கள். மூன்று பேர்தான் எழுதினார்கள். நான்காவது ஆள் கோடு போடும் அடிமட்டத்தைக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றது. அது என் மகள்.

"மட்டத்துல எடு, மட்டத்துல எடு! கோட்டுக்கு மேல ஏறாத!"

"கங்காணி, எனக்கு நெர முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சா முத்தலப் பொறுக்கு. 'ஒரு ஊரிலே'ன்னு ஒன்னு கெடக்கு பாரு, அதத் தூக்கிப் போடு. எந்த ஊருன்னு எல்லாருக்கும் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் முன்பே பயமும் வந்தது. நாலு பேரில் குவார்ட்டர்ஸ் பிள்ளை ஒன்றுதான். அதுவே எப்படி மற்றவர்களை வேலை வாங்கும் கங்காணி ஆனது? நானாக உட்கார வைத்த இடத்தில் ஏதாவது பிசகா?

கதை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஒரு அட்டை தோட்டத்துரையின் மேசுக்குள் ஏறிவிடுகிறது. காலுறையை எங்கள் பக்கம் மேசு என்றுதான் சொல்வோம். பங்களாவுக்குப் போய், அங்கே யாருடைய காலும் நனையாமல் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறது. இரத்தம் குடித்துக் குடித்துக் கொழுத்து, வந்த ஓட்டை வழியாக வெளியே வர முடியாமல் போகிறது. பெரிய வாத்தியார் அதை இரண்டு முறை வாசித்தார்.

"அட்டை யாரு டீச்சர்?"

"அட்டைதான், சேர்."

"துரை காலுல ஏறுற அட்டைய ஒன்பது வயசுப் புள்ளைங்க தானா யோசிக்காது. யாரோ பெரியவங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருன்னு பாருங்க."

அவர் சொன்னது என் மனதிலும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு கொப்பியில் ஒரு நல்ல வரியைப் பார்த்தால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, இது யாருடையது என்று தேட ஆரம்பித்தேன்.

சில நாட்கள் கழித்து அந்தச் சிறுமியின் அம்மா பாடசாலை வேலியோரம் வந்து நின்றார். பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார். முதுகில் வெறுங்கூடை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"டீச்சர், எம்புள்ளைய இங்க எதுக்கு அனுப்புறேன்?"

"படிக்கத்தான்."

"வூட்டுக்கு வந்து, 'அம்மா, இன்னிக்கு நான் ரெண்டு நெர புடிச்சேன்'ங்கிறா. நான் மலையில நெர புடிக்கிறேன், சரி, அது என் விதி. இவளும் இங்க வந்து நெரதான் புடிக்கிறாளா?"

"அது புள்ளைங்க தாங்களா வச்சுக்கிட்ட பேருங்க. கதை எழுதுறாங்க."

"கங்காணி யாருடின்னு கேட்டேன். டீச்சர் மகளாம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நல்லாத்தான் பழக்குறீங்க."

மகள் தானாகத்தான் செய்கிறாள், நான் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் மோசமாகக் கேட்கும் என்று தோன்றியது.

"கொழும்புல ஒரு நோனா வூட்டு வேலைக்குப் புள்ள கேட்டு தரகன் வந்துட்டுப் போயிருக்கான். தீவாளி கழிச்சு வர்றேன்னிருக்கான். இங்க ஒரு கங்காணிக்கு அடங்குறதுக்கு, அங்க போயி நோனாவுக்கு அடங்கட்டுமே. வயித்துக்காவது கெடைக்கும்."

அந்த வருடங்களில் லயத்துச் சிறுமிகள் அப்படித்தான் ஒவ்வொருவராகப் போனார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரெயில் ஏறுவார்கள். சிலர் தைப்பொங்கலுக்கு வருவார்கள். சிலர் வருவதில்லை. யாரிடம் கேட்டாலும் நன்றாக இருக்கிறாள் என்பதுதான் பதில்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த அம்மா தரகனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டு, பழியைப் போட ஒரு ஆளைத் தேடி என்னிடம் வந்தாரோ என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எவ்வளவு கேவலம் என்றும் நினைத்தேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் இருந்து என் இளையவனைத் தூக்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் இந்த இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன.

வீட்டில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டேன்.

"ஒன்ன கங்காணி ஆக்கினது யாரு?"

"அவதான்."

"எவ?"

"எனக்குப் பக்கத்துல இருக்காளே, அவ. நான் எழுதினா சட்டுன்னு முடிச்சிருவேனாம், அப்பறம் அவங்களுக்கு நெரயே இருக்காதாம். ஒனக்குச் சத்தம் போடத்தான் வரும், நீ அதச் செய்யின்னா."

"நீ கேக்கலியா?"

"வலிக்குது டீச்சர், மெதுவா இழுங்க."

பொய் சொல்கிறாளோ? சொந்தப் பிள்ளையின் உச்சியைப் பார்த்துக்கொண்டு அப்படி யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "சின்னப் புள்ளைங்க வெளையாட்டு. ஆபீஸ் காதுக்குப் போகாமப் பாத்துக்க" என்றார். எந்த விஷயத்தையும் அவர் ஆபீஸ் காதில் கொண்டுபோய் முடிப்பார்.

மறுநாள் மகளை வேறு குழுவுக்கு மாற்றலாம் என்று போனேன். மாற்றினால் அந்த அம்மா சொன்னதை ஒப்புக்கொண்டது போல ஆகும். மாற்றாவிட்டால் பிள்ளை கொழும்புக்குப் போய்விடும். முடிவெடுக்க முடியாமல், மூன்றாம் வகுப்புக் கரும்பலகைக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு ஆசிரியை தன் வகுப்பையே ஒளிந்து நின்று பார்ப்பது நல்லதல்ல. ஆனால் அங்கிருந்துதான் ஜன்னலோரக் குழு நன்றாகக் கேட்கும்.

பெரிய வாத்தியார் வாசித்த கதையை அவர்கள் விரித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். பேசியது அந்தச் சிறுமி. என்னிடம் வாய் திறக்காத பிள்ளை, அங்கே தலையைக் குனிந்தபடி, கிசுகிசுப்பாக, நிறுத்தாமல் பேசினாள்.

"அவன்கிட்ட சொல்லு, அட்டைய இப்பவே பங்களாக்குள்ள விட வேணாம்னு. மொதல்ல வாசல்ல நாய் பாக்கணும்."

என் மகள் அடிமட்டத்தைத் தட்டினாள். "ஏய்! மொதல்ல நாய் பாக்கணும்!"

"பயந்துச்சுன்னு எழுத வேணாம்னு சொல்லு. சுருண்டுச்சுன்னு எழுதட்டும்."

"சுருண்டுச்சுன்னு எழுதுடா!"

கங்காணியின் வாய்தான் என் மகளுடையது. ஓட்டியது அந்தப் பிள்ளை. பெரிய ஆறுதல் வந்தது. ஆனால் அந்த ஆறுதல் ஒரு பாடவேளை கூட நிற்கவில்லை. இவள் என் மகளை ஏன் முன்னால் நிறுத்துகிறாள்? டீச்சர் மகள் கத்தினால் யாரும் திட்ட மாட்டார்கள் என்றா? அட்டை விஷயத்தில் ஏதாவது வந்தால் கிளார்க் வீட்டுத் தலையில் விழட்டும் என்றா? ஒன்பது வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் இதையெல்லாம் யோசித்தேன்.

அந்த அம்மா தன் பிள்ளையின் கதையைக் காதால் கேட்க வேண்டும் என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது. மலையை விட்டுப் பாடசாலைக்கு வந்தால் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும். ஆகவே பிள்ளைகளை மடுவத்துக்குக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன். பகலில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்களுக்கு முன்னால் கதையை வாசிக்கட்டும். பெரிய வாத்தியார் "உங்க பொறுப்பு" என்றார். என் கணவர் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வந்தார்.

"படிக்கிறதுன்னா படிக்கட்டுமாம். அந்த அட்டைய மட்டும் துரை காலுலருந்து எறக்கிரு."

நான் கீழ்ப்படியப் பழகியவள். குழுவிடம் போய், துரை என்பதை மாற்றி யாரோ ஒருவர் என்று எழுதச் சொன்னேன். மூன்று பேர் சரி என்று தலையாட்டினார்கள். அந்தச் சிறுமி முதல்தடவையாக நேராக என்னிடம் பேசினாள்.

"துரைக்குத்தான் டீச்சர் மேசு இருக்கு. நம்ம காலுல ஏறினா ஒடனே புடுங்கிப் போட்டுருவோம். கதையே இருக்காது."

துரை என்றே இருக்கட்டும் என்றேன். சொன்னதுமே பயம் பிடித்துக்கொண்டது.

மடுவத்தில் ஈரச் சாக்கும் பச்சை இலையும் சேர்ந்த வாசம். பெண்கள் கூடைகளை இறக்கி இலையைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பிள்ளைகளும் மாறி மாறி வாசித்தார்கள். அட்டை மேசுக்குள் நுழைந்த இடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு நிஜக் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் தராசுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னா, என்னயும் இதுல போட்டிருக்கீங்களா?" என்றார்.

"நீங்க வேற கதையில வர்றீங்க, கங்காணி" என்றார் வரிசையில் இருந்த ஒரு பெண். சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

வாசித்து முடிந்ததும் சிறுமியின் அம்மா கையிலிருந்த இலையைப் போடாமலே கேட்டார்.

"இதுல எம்புள்ள எழுதினது எது?"

"நாலு பேரும் சேர்ந்துதான் எழுதினாங்க. இது பொதுக் கதை. தனியா யாரு பேரும் போடக் கூடாதுன்னு ஹட்டன்ல சொல்லியிருக்காங்க."

"அப்ப எல்லாக் கொழுந்தையும் ஒரே கூடையில போட்டுட்டீங்க." அவர் தராசைக் காட்டினார். கிலோ வந்த பிறகும் அவர்கள் ராத்தலில்தான் பேசுவார்கள். "எம்பேருக்கு எத்தன ராத்தல்னு கேக்காம நான் எறங்கிப் போறதில்ல டீச்சர். பொதுவுல போட்டா அது யாரு பேருல விழும்? குவாட்டர்ஸ் புள்ள பேருல."

நான் ஹட்டனில் எழுதிய கொப்பி முழுவதையும் மனதில் புரட்டினேன். இதற்குப் பதில் அதில் இல்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி என்றும் நான் நினைக்கவில்லை. கரும்பலகைக்குப் பின்னால் நின்று நான் கேட்டதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. அதை அவரிடம் சொல்லியிருந்தால், எனக்குச் சாதகமாக நான் சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்போது வரிசையில் நின்ற அதே பெண் கேட்டார்: "அதெல்லாம் கெடக்கட்டும். அந்த அட்டை அப்பறம் என்னாச்சு?"

அது தாளில் இல்லை. இரண்டு பையன்களும் திரும்பி அந்தச் சிறுமியைப் பார்த்தார்கள். என் மகளும் அடிமட்டத்தைக் கீழே விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தாள். "சொல்லுடி" என்று முழங்கையால் இடித்தாள்.

சிறுமி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"துரைசாணி தேத்தண்ணி குடுத்தாங்க. அதுல சீனிக்குப் பதிலா உப்பு."

உப்பு பட்டால் அட்டை செத்துவிடும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இலை பொறுக்கிய கைகள் நின்றன.

"செத்துப் போச்சா?"

"குடிக்கல. மோந்து பாத்துட்டு வச்சிருச்சு. அன்னைலருந்து யாரு எது குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கும். அதனாலதான் இன்னும் உசிரோட இருக்கு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தராசுக்கு முன்னால் நிற்க வேண்டியவர் நிற்கவில்லை. கங்காணி "ஏய், நகருங்க, நகருங்க" என்று கத்தினார். சிறுமியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் மகளையும், அவளையே பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தராசுக்குப் போனார்.

தீபாவளி வந்தது. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் லயங்களிலிருந்து பலகாரத் தட்டுகள் வரும். அந்த வருடமும் வந்தன. கடைசி லயத்திலிருந்து மட்டும் வரவில்லை. நான் அதை என்னென்னவோ விதமாக அர்த்தம் பண்ணிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் கொழும்பு ரெயிலில்தான் போய் முடிந்தது.

விடுமுறைக்குப் பிறகு முதல் திங்கட்கிழமை அந்தச் சிறுமி வரவில்லை. ஜன்னலோரத்தில் மூன்று பேர் அட்டைக் கதையின் இரண்டாம் பாகத்துக்கு எடுத்த தாளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அட்டைய மறுபடி நாய் பாத்துச்சு, அதுக்கு மேல என்னான்னு தெரியல" என்றான் ஒரு பையன். வேறு கதை எழுதுங்கள் என்றேன். எழுதவில்லை.

பாடசாலை விட்டதும் என் மகளையும் காணவில்லை. இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி லயத்துக்கு ஏறினேன். தரகன் ஆள் மாறிப் பிடித்திருப்பானோ என்றுகூட ஒரு கிறுக்கு நினைப்பு ஓடியது. மூச்சிரைக்கப் போய் நின்றபோது, அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பரா வாசலில் என் மகளும் இரண்டு பையன்களும் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கம்பளிக்குள் இருந்து அந்தச் சிறுமியின் தலை மட்டும் தெரிந்தது. நாய் விஷயம் நடந்துகொண்டிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"காச்சல். அதான் அனுப்பல. நீங்க என்னா டீச்சர், ரெண்டு புள்ளயயும் தேடி வந்தீங்களா, ஒருத்தியதானா?"

"ரெண்டு பேரையும்தான்" என்றேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியவில்லை. "கொழும்பு ஆள் வந்தானா?"

"வந்தான். இந்த வருசம் இல்லன்னுட்டேன். அடுத்த வருசத்த நான் சொல்ல மாட்டேன்." வாசலில் இருந்த மூவரையும் தாடையால் காட்டினார். "காச்சல்னு சொன்னாலும் போக மாட்டேங்குதுங்க. அவ இல்லாம ஓடாதாம். அன்னிக்கு மடுவத்துலயும் அவ மொகத்தத்தானே பாத்துச்சுங்க."

"ஆமாங்க."

"அப்ப அத எழுதுங்க. இப்ப, எங்கண்ணு முன்னால. பொதுன்னு சொல்லாதீங்க."

ஹட்டனில் சொன்னதற்கு அது விரோதம். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். என் மகளின் பெயரை எங்கே எழுதுவது என்றும் யோசித்தேன். பிறகு இளையவனைத் தரையில் விட்டுவிட்டு, தாளின் தலையில் 'கதை சொன்னவர்' என்று போட்டு அந்தச் சிறுமியின் முழுப் பெயரை எழுதினேன். கீழே 'எழுதியவர்கள்' என்று பையன்கள் இருவரின் பெயரும், அவர்களுக்கும் கீழே 'சத்தம் போட்டவர்' என்று என் மகளின் பெயரும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தாளைக் கையில் வாங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். என் மகள், "நான் வாசிக்கட்டா?" என்றாள்.

"நீ வேணாம், தாயீ. ஒங்கம்மா எழுதினது."

ஒரு பையனிடம் கொடுத்தார். அவன் வாசித்தான். தலையசைத்தார். ஆனால் தாளை என்னிடம் திருப்பித் தரவில்லை. படியிலிருந்து இறங்கி, நாலு காம்பரா தள்ளிப் போய், எங்கள் பாடசாலைக்கே வராத, டவுனில் படிக்கும் ஒரு பெரிய பெண்ணைக் கூப்பிட்டு, அவளிடம் தாளைக் கொடுத்து, "மேல என்னா போட்டிருக்கு, சத்தமா வாசி" என்றார்.

அவள் வாசித்தாள். தன் மகளின் பெயரை அவர் அந்த லயத்து வாசலில் நின்று கேட்டார். பிறகு, "இன்னொரு தடவ" என்றார்.